வரம்பிலும் மரப்பட்டையிலும் வேட்டையாடும் சிலந்திகள்: புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

சுவரில் உள்ளங்கையளவு சிலந்தி ஒன்று தெரிந்தால் எங்கள் வீட்டில் முதலில் தேடுவது தும்புத்தடியைத்தான். "மனே, புலிச்சிலந்தி! அடிச்சுப்போடு" என்று பெரியம்மா குசினியிலிருந்தே கத்துவார். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டுக்குள் ஒரு புலிச்சிலந்தியைக்கூட நான் கண்டதில்லை, வந்ததெல்லாம் கரப்பான் பிடிக்க வந்த வேறொரு சாது. ஆனால் அந்த வித்தியாசத்தைப் பெரியம்மாவுக்குக் காட்டிக் கொடுக்க எனக்கே இரண்டு வருடம் பிடித்தது. நான் தடுமாறிய இடங்களில் நீங்களும் தடுமாற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வலை கட்டும் சிலந்தி என்றால் பாதி வேலையை வலையே முடித்துத் தந்துவிடும். வட்ட வலையா, தாறுமாறாகப் பின்னிய வலையா, மூலையிலா, செடிக்கு நடுவிலா என்று பார்த்தாலே கிட்டப் போய்விடலாம். இங்கே பேசப்போவது வலையில் காத்திருக்காமல் நிலத்திலும் மரப்பட்டையிலும் ஓடித் திரிந்து பிடித்துத் தின்கிறவற்றைப் பற்றி. இவற்றுக்கு அந்த உதவி இல்லை. நிறமோ மண்ணின் நிறம், சருகின் நிறம், பட்டையின் நிறம். ஒரே இனத்துக்குள்ளேயே ஆண் ஒரு மாதிரி, பெண் ஒரு மாதிரி, குஞ்சு இன்னொரு மாதிரி இருக்கும். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நிறத்தை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். எங்கே இருக்கிறது, எப்படி உட்கார்ந்திருக்கிறது, கண்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, இந்த மூன்றையும் பார்த்தால் குடும்பம் வரைக்கும் போய்விடலாம். அதற்கு மேல் இனம் என்று போனால் நுணுக்குக்காட்டியின் கீழே இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டியிருக்கும், அது நமக்கு வேண்டாம். குடும்பம் தெரிந்தாலே பெரிய காரியம்.

புறப்படும் முன்

தலையில் கட்டும் டோர்ச் ஒன்று வாங்குங்கள். கையில் பிடிக்கும் டோர்ச்தான் இருக்கிறது என்றால் அதை நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில், கண்ணோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். காரணம் கீழே வரும். அப்புறம் மூடிய சப்பாத்து. வரம்பில் இரவு நடக்கும்போது சிலந்தியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை, புடையன் பாம்பைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கமோ காட்டோரமோ என்றால் யானையைப் பற்றியும். அங்கே இரவில் தனியாக இறங்கவே வேண்டாம். வயல்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், வாடியில் காவலுக்கு இருக்கிறவர் உங்கள் வெளிச்சத்தைப் பார்த்து வேறு எதையாவது நினைத்துக்கொள்ளக் கூடாது. மருந்தடித்த வயல் வட்டைக்குள் போகாதீர்கள், போனாலும் அங்கே பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

மாரி கொட்டும் கார்த்திகை, மார்கழியில் மினக்கெட வேண்டாம். மழை விட்டு, தையில் வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கும்போது இறங்கினால் நல்லது. அதுவும் இல்லாவிட்டால் உங்கள் வளவே போதும். ஒரு மாமரம், ஒரு மதில், கிணற்றடியில் கொஞ்சம் சருகு இருந்தால் நாலைந்து குடும்பம் தேறும்.

முதல் பாடம்: கண் மின்னுவதைப் பிடிப்பது

டோர்ச்சைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இருபது முப்பது அடி தூரத்தில் வரம்புப் புல்லின் மேல் மெதுவாக வெளிச்சத்தை ஓட்டுங்கள். ஊசிமுனை அளவில் வெள்ளையும் பச்சையும் நீலமுமான பொட்டுகள் மின்னும். அதில் பாதி பனித்துளி. பனித்துளி நீங்கள் தலையை அசைத்தால் நிறம் மாறி மினுக்கும், சிலந்தியின் கண் ஒரே நிறத்தில் அசையாமல் எரியும். அந்தப் பொட்டின் மேலிருந்து வெளிச்சத்தை எடுக்காமல் நடந்து போனால் முடிவில் ஓர் ஓநாய்ச் சிலந்தி உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கண்ணுக்குள்ளே மாட்டுக்கும் பூனைக்கும் இருப்பதுபோல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது, அந்த ஒளி வந்த வழியே திரும்பிப் போகும், அதனால்தான் டோர்ச் உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இடுப்பளவில் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒன்றும் தெரியாது. நான் முதல் மூன்று இரவு அப்படித்தான் நடந்து, இந்த வயலில் சிலந்தியே இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

சில நேரம் ஒரே இடத்தில் இரண்டு பெரிய பொட்டும் அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக நிறையப் பொட்டும் தெரியும். அது குஞ்சு சுமக்கும் தாய். முதுகு முழுக்க அடுக்கடுக்காக ஏறிக் குந்தியிருக்கும் ஒவ்வொரு குஞ்சின் கண்ணும் தனித்தனியாக மின்னும். புல்லால் மெதுவாகத் தொட்டால் கொஞ்சம் கொட்டிப்போகும், ஆனால் அதைச் செய்யாதீர்கள், ஏறிக்கொள்ள அவை படும் பாடு பார்க்கச் சகிக்காது.

கண்ணை எண்ணுவது

இதுதான் இந்த விளையாட்டின் மையம். பெரும்பாலான சிலந்திக்கு எட்டுக் கண். அந்த எட்டும் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். வெறும் கண்ணால் பார்க்க முடியாது, போனில் முகத்தை நேருக்கு நேராக ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். போன் கமராவுக்கு முன்னால் ஒரு சின்னப் பூதக்கண்ணாடியைப் பிடித்தாலும் போதும்.

கீழே நாலு சின்னக் கண் ஒரு வரியில், அதற்கு மேலே முன்னோக்கி இரண்டு பெரிய கண், அதற்கும் பின்னால் தலையின் மேலே இரண்டு நடுத்தரக் கண் என்று மூன்று வரி இருந்தால் ஓநாய்ச் சிலந்தி. இதில் குழப்பமே வராது. நாலும் நாலுமாக இரண்டு வரி, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, கால்கள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் விரிந்திருந்தால் வேட்டைக்காரச் சிலந்தி. பஸ்ஸின் முன்விளக்கு மாதிரி நடுவில் இரண்டு பெரிய கண்ணும் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு சின்னக் கண்ணும் முகத்தில் தெரிந்தால் குதிக்கும் சிலந்தி. ஆறு கண் முன்னால் ஒரு வரி, இரண்டு கண் பின்னால் ஓரத்தில், உடம்போ யாரோ மிதித்துவிட்ட மாதிரித் தட்டை என்றால் தட்டைச் சிலந்திக் குடும்பம், பட்டை இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் இருக்கும். தலையின் மேலே ஆறு கண் அறுகோணமாக, கால் முழுக்க முள் முள்ளாக இருந்தால் அது செடியில் வாழும் முட்காலி. காற்றில் விழுந்து வரம்பில் நிற்கும்போது ஆளை ஏமாற்றும், அவ்வளவுதான்.

நிலத்தில்

வயலில் நீங்கள் காண்பதில் பெரும்பங்கு ஓநாய்ச் சிலந்தியாகத்தான் இருக்கும், அதிலும் பார்டோசா என்ற பேரினம். பார்டோசா சூடோஅன்யுலேட்டா என்கிற இனம் ஆசிய நெல்வயல்களுக்கே உரியது போல எல்லா இடத்திலும் இருக்கிறது. உடம்பு ஒரு சென்ரிமீற்றர் அளவு, முன்னுடலின் நடுவில் கவைக்கம்பு மாதிரிக் கவர்விட்ட வெளிறிய கோடு, வயிற்றில் வெள்ளைப் புள்ளிகள். தண்ணீரின் மேலேயே ஓடும். நாற்று நட்ட அல்லது விதைத்த கொஞ்ச நாளிலேயே வயலுக்குள் வந்துவிடும். நம்ம பக்கத்து வயல்காரர் அறக்கொட்டி என்று திட்டும் கபிலத் தத்தியை இது ஒரு நாளைக்கு ஐந்திலிருந்து பதினைந்து வரை பிடித்துத் தின்னும். கண்ட மாத்திரத்தில் மருந்தடித்தால் முதலில் சாவது இதுதான், தண்டுக்குள் முட்டையாக இருக்கும் தத்தி தப்பிவிடும், பிறகு பொரித்து வரும்போது தின்ன ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு போடியாரிடம், அதாவது பெரிய வயல்காரரிடம், இதைச் சொன்னபோது, "அப்ப சிலந்திக்கும் சேத்து நான் உரம் போடவா தம்பி?" என்று கேட்டார். ஆனாலும் அடுத்த சிறுபோகத்தில் முதல் மருந்தை அவர் தள்ளிப்போட்டார்.

முட்டைப்பையைப் பாருங்கள், அது கண்ணை எண்ணாமலே குடும்பம் சொல்லும். ஓநாய்ச் சிலந்தி உருண்டையான பையைப் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு திரியும். குளத்து ஓரத்தில், நீர்த்தாவரத்தின் மேல் முன்னங்காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒன்று, பையை வாயால் கவ்வி நெஞ்சுக்குக் கீழே வைத்திருந்தால் அது ஓநாய் அல்ல, மீன்பிடிச் சிலந்திக் குடும்பம். உன்னிச்சைக் குளக்கரை மாதிரி இடங்களில் தேடிப் பாருங்கள்.

இனி நான் விழுந்த பள்ளம். காலையில் வரம்புப் புல்லில் பனி பிடித்த வெள்ளைத் துணி விரித்த மாதிரி வலைகள் தெரியும், ஓரத்தில் புனல் மாதிரி ஓர் ஓட்டை, அதன் வாயில் ஒரு சிலந்தி. வலை இருக்கிறது, ஆகவே இது ஓநாய் இல்லை என்று ஒரு மாதம் முழுக்கக் கொப்பியில் வேறு குடும்பப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் முகத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் நாலு, இரண்டு, இரண்டு! ஹிப்பாசா என்ற பேரினம், ஓநாய்க் குடும்பத்தில் பிறந்து வலை கட்டும் விதிவிலக்கு. இலங்கையில் நன்றாகவே இருக்கிறது. கொப்பியில் இரண்டு பக்கத்தை வெட்டினேன். அதனால்தான் சொல்கிறேன், ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள்.

கல்லையோ காய்ந்த மட்டையையோ புரட்டினால் கருப்பாக, மினுமினுப்பாக, நீளமாக ஒன்று அம்பு மாதிரி ஓடும். அதன் பின்முனையில் இரண்டு சின்னக் குழாய் இடைவெளி விட்டு நீட்டிக்கொண்டிருந்தால் நிலச்சிலந்திக் குடும்பம். புரட்டிய கல்லை அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். புரட்டும்போது கல்லின் மறுபக்கத்தைப் பிடித்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள், அடியில் தேளோ பாம்போ இருந்தால் அது உங்களை விட்டு மற்றப் பக்கம் ஓடும்.

மரப்பட்டையில்

மரத்தை நேராக நின்று பார்க்காதீர்கள். கன்னத்தை மரத்தோடு சேர்த்து வைக்கிற மாதிரி ஒட்டி நின்று, பட்டையின் மேற்பரப்பு வழியாகப் பக்கவாட்டில் பாருங்கள். அப்போதுதான் மேடு தெரியும். டோர்ச்சையும் அதே மாதிரிப் பக்கவாட்டில் அடித்தால் நிழல் விழும், பகலிலும் இது உதவும். முசுறு என்ற கடிக்கும் சிவப்பு எறும்பு ஓடும் மரமென்றால் கன்னத்தைச் சேர்க்கும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் பார்த்தால்தான் இரட்டைவால் சிலந்தி தெரியும். எனக்கு இதன் மேல் தனிப் பாசம். ஹெர்சிலியா சவிக்னி என்ற பெயரில் 1836இல் விவரிக்கப்பட்ட இனம் இங்கே கிடைக்கும். மாமரம், வேம்பு, தென்னை எதிலும் இருக்கலாம். தலையைக் கீழே வைத்து, நீண்ட மெல்லிய கால்களை விரித்து, பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும். வயிற்றின் முனையில் வயிற்றளவுக்கே நீண்ட இரண்டு வால். அது வால் அல்ல, நூல் வரும் காம்புகள். எங்கள் மாமரத்தில் ஒன்று மாதக்கணக்கில் ஏறக்குறைய ஒரே இடத்தில், என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் கிணற்றடிக்குப் போவேன், கண்டதே ஓர் எறும்பால்தான். எறும்பு கிட்ட வந்ததும் இது அதன் மேல் ஒரு நூலைப் போட்டுவிட்டு, முதுகை எறும்புப் பக்கம் திருப்பிக்கொண்டு, அதைச் சுற்றிச் சுற்றி ஓடியது. கண் தொடர முடியாத வேகம். ஐந்தாறு சுற்று முடிய எறும்பு பட்டையோடு சேர்த்துத் தைத்த மாதிரிக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் நின்று, திரும்பி, கடித்தது. கையைக் கிட்டக் கொண்டுபோனால் மரத்தைச் சுற்றி மறுபக்கம் போய்விடும், நீங்களும் சுற்றினால் அதுவும் சுற்றும். இரண்டு பேர் போனால் எளிது.

அடுத்தது பெரியம்மாவின் "புலிச்சிலந்தி". ஹெட்டெரோபோடா வெனடோரியா, வேட்டைக்காரச் சிலந்தி, வெப்பநாடுகள் எல்லாவற்றுக்கும் வாழைக்குலையோடும் சரக்கோடும் பரவிவிட்ட ஒன்று. உடம்பு இரண்டரை சென்ரிமீற்றர் வரை, காலோடு சேர்த்தால் உள்ளங்கை நிறையும். தட்டை உடம்பு, கதவு இடுக்கிலும் கிடுகுக்கு இடையிலும் பட்டைக்குப் பின்னாலும் நுழையும். முகத்தில், கண்களுக்குக் கீழே, மீசை மாதிரி ஒரு வெளிறிய பட்டை குறுக்காக ஓடும். அதைக் கண்டால் போதும். பெண் தன் முட்டைப்பையை வட்டத் தட்டு மாதிரி வயிற்றுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கும். உடம்பில் பெரிதாக மயிர் இல்லை, நச்சுப்பல் இடுக்கி மாதிரி எதிரெதிராக மூடும். பிடித்து நெரித்தால் கடிக்கும், வலிக்கும், வீங்கும், அவ்வளவுதான். கரப்பானைத் தின்கிற ஆளை ஏன் அடிக்கிறோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உண்மையான புலிச்சிலந்தி, போசிலோதீரியா, வேறு சாதி. பெரிய மரப் பொந்து, உரிந்த பட்டைக்குப் பின்னால் உள்ள ஆழமான வெடிப்பு, சில நேரம் பழைய கட்டடம். கால் உட்பட 15 சென்ரிமீற்றரைத் தாண்டலாம், தடித்த மயிர் அடர்ந்த கால், வயிற்றில் இலை வடிவக் கோலம். மிரட்டும்போது முன்னங்காலைத் தூக்கும், அடியில் பளிச்சென்ற மஞ்சளும் கறுப்பும் தெரியும். நச்சுப்பல் இடுக்கியாக இல்லாமல் இரண்டும் சேர்ந்து கீழ்நோக்கிக் குத்தும். இதைத் தொடவே வேண்டாம். கடித்தால் கடும் வலியும் தசை இழுப்பும் வரும், நாட்கள் கழித்தும் திரும்ப வரக்கூடும், ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பொந்துக்குள் விரலையோ குச்சியையோ விடாதீர்கள், டோர்ச் அடித்துப் பாருங்கள். மாங்குளம் பக்கத்திலிருந்து ஓர் இனம் 2012இல்தான் புதிதாக விவரிக்கப்பட்டது, ஆகவே பழைய மரங்களுக்குள் இன்னும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லப்பிராணியாக வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள் என்பதால் இந்தப் பேரினம் முழுவதையும் 2019இல் சைட்டிஸ் என்ற, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். கண்டால் மரம் இருக்கும் இடத்தைப் பொதுவில் எழுதிவிடாதீர்கள்.

குதிக்கும் சிலந்திக்குப் பகலில் போங்கள், இரவில் அவை நூல் பைக்குள் படுத்துவிடும். மதிலிலும் தென்னையிலும் ஈ பிடித்துத் திரியும் சாம்பல் நிறத் தட்டை ஆள் பெரும்பாலும் மெனிமெரஸ். நீங்கள் அசைந்தால் திரும்பி உங்களை நிமிர்ந்து பார்க்கும், வேறு எந்தச் சிலந்தியும் இப்படி முகம் கொடுத்துப் பார்க்காது. முசுறு இருக்கும் மரத்தில் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். முசுறு மாதிரியே சிவந்து, இடுப்புச் சிறுத்து, முன்னங்காலை உணர்கொம்பு மாதிரித் தூக்கி ஆட்டிக்கொண்டு ஒரு குதிக்கும் சிலந்தி அவற்றுக்குப் பக்கத்தில் திரியும். சந்தேகம் வந்தால் அது நிற்கும் இலையைத் தட்டுங்கள். முசுறு கடிக்க வரும், சிலந்தி நூலில் தொங்கும். ஆண் சிலந்திக்குத் தாடை நீண்டிருப்பதால் ஒரு முசுறு இன்னொன்றைச் சுமந்து போகிற மாதிரி இருக்கும்.

இன்னும் ஒன்று. பழைய கிணற்று இடுக்கில் சாட்டை மாதிரி நீண்ட முன்காலும் முள் வைத்த கையுமாகத் தட்டையாக ஒன்று நின்றால் அது சிலந்தியே அல்ல, சாட்டைச் சிலந்தி என்று பெயர் மட்டும்தான். நஞ்சு கிடையாது. அதேபோல வயல் வேலை நேரத்தில் தோலில் கோடு கோடாக எரிந்து கொப்புளம் போட்டால் சிலந்தி மூத்திரம் என்பார்கள். பெரும்பாலும் அது விளக்கு வெளிச்சத்துக்கு வரும் சிவப்பும் கறுப்புமான ஒரு சின்ன வண்டைத் தோலில் வைத்து நசுக்கியதால் வருவது. நசுக்காமல் ஊதிவிடுங்கள், பட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

படமும் கொப்பியும்

மூன்று படம்: மேலிருந்து ஒன்று, முகம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முகப் படம் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் அழகுக்குத்தான் உதவும். அளவுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றி வைக்கலாம், ஆனால் எழுதும்போது காலைச் சேர்க்காமல் உடம்பின் நீளத்தை மட்டும் எழுதுங்கள், சென்ரிமீற்றரில் வராவிட்டால் மில்லிமீற்றரில். ஓடிக்கொண்டே இருந்தால் ஒளி ஊடுருவும் ஐஸ்கிறீம் டப்பா ஒன்றை மேலே கவிழ்த்து, அடியில் காட்போட் மட்டையைச் செருகிப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு விடுங்கள். வெயிலில் வைத்தால் பத்து நிமிடத்தில் செத்துவிடும், நான் ஒன்றைக் கொன்றிருக்கிறேன்.

வாயருகே இருக்கும் இரண்டு குட்டிக் கைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரி உருண்டிருந்தால் வளர்ந்த ஆண். அதையும் எழுதுங்கள். போன் ஆப் ஒரு பெயரைச் சொன்னால் குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் கண் எண்ணிக்கையோடு ஒத்துப்பார்த்து, இனப் பெயரை விட்டுவிடுங்கள்.

கொப்பியில் என் பதிவு இப்படி இருக்கும்: "மாசி 12, இரவு 8.30, கிணற்றடிப் பூவரசு, முழங்கால் உயரம், தலை கீழே, உடம்பு 9 மில்லிமீற்றர், மிகத் தட்டை, முன்வரியில் ஆறு கண், பையில்லை, பெண்ணோ குஞ்சோ." குடும்பத்துக்கு நேரே தட்டைச் சிலந்தி என்று பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். பேனாவால் எழுதிய இரண்டு பக்கத்தை வெட்டியதிலிருந்து அப்படித்தான்.